வரித் தலைப்பில் ஒரு கல்

7

நல்லசாமி விழுந்தான்.

கொடைக்கானலில் விழுவதற்குக் கௌரவமான இடங்கள் எத்தனையோ உண்டு. வெளியூர்க்காரர்கள் செலவழித்து வந்து, எட்டிப் பார்த்து, பயந்து, சூடாக மக்காச்சோளம் தின்றுவிட்டுப் போகிற பள்ளங்களே அரை டஜன் தேறும். அதையெல்லாம் விட்டுவிட்டு அவன் அட்டுவம்பட்டியில், லூர்துசாமி வீட்டு நடையில், பட்டப்பகலில், ஒரு முக்காலி தடுக்கி விழுந்தான்.

லூர்துசாமி முதலில் சிரித்தார். அப்புறம்தான் கை கொடுத்தார்.

"பார்த்து வரணும் தம்பி. இந்த வீட்டுல என் சம்சாரம் விழாத இடமே கெடையாது."

"அவங்களுக்குப் பார்வை இல்லைங்க, விழலாம். எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, லைசென்ஸும் இருக்கு." நல்லசாமி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே முக்காலியைத் திருப்பிப் பார்த்தான். மூன்று கால்களிலும் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. "குளிருக்கு முக்காலிக்கும் சாக்ஸ் போட்டு விட்டிருக்கீங்க. நல்ல மனசு."

லூர்துசாமி அதை அவன் கையிலிருந்து வாங்கினார். சுவரோரம் வைப்பார் என்று பார்த்தால், சமையலறை வாசலில், நிலைப்படிக்கு நேர் நடுவில், பூ வைப்பதுபோல மெதுவாக வைத்தார். நல்லசாமிக்கு அது விநோதமாகப் பட்டது. ஆனால் முழங்கால் வலிக்கும்போது மனிதனுக்கு விநோதங்களில் அக்கறை குறைந்துவிடுகிறது.

நல்லசாமி டாக்ஸி ஓட்டுகிறவன். நாற்பது வயது. ஒரு தடவை ஊசியிலைக் காட்டுப் பக்கம் காரை நிறுத்தி, டீ குடித்துவிட்டு, மூடுபனிக்குள் திரும்பி வந்து வேறொருவர் காரில் ஏறி வத்தலக்குண்டு வரைக்கும் ஓட்டிப் போய்விட்டான். பின் சீட்டில் இருந்த குடும்பம் இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனது. அந்தக் காரைத் தேடிக் கண்டுபிடித்தவர் சண்முகசுந்தரி. அன்றிலிருந்து அவன் அவருக்கு உதவியாள்.

சண்முகசுந்தரி பழனி அடிவாரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். அறை நிறைய மெஷின்கள் சடசடக்கும்போது, மூலையில் ஒருத்தி தப்பாகத் தட்டிய ஒரே ஓர் எழுத்தைக் காதாலேயே பிடித்து, பெயர் சொல்லித் திட்டுவார். அந்தத் திட்டு மலைமேல் வரைக்கும் கேட்டு, தங்களைத்தான் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பக்தர்கள் உண்டியலில் இரட்டிப்பாகப் போட்டதாக அடிவாரத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். மெஷின்களைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போன பிறகு காது மட்டும் மிச்சமிருந்தது. அதை வைத்துத் துப்பறிய ஆரம்பித்தார்.

இப்போது அந்தக் காதை லூர்துசாமி பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டரம்மா, நான் சத்தியமா எழுதல," என்றார் லூர்துசாமி. "தவக்காலம் நடக்குது. சாம்பல் புதன்லருந்து கறி மீன் தொடல. ஒரு ஈ எறும்பைக்கூடக் கடிஞ்சு பேசல. நானா அவளைக் கொன்னுட்டு லெட்டர் எழுதி வைப்பேன்?"

எதிரே நின்ற இன்ஸ்பெக்டர் ஜெயமுருகன் கொட்டாவி விட்டார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்கிற மனிதர் அவர். அது வந்து உட்கார்ந்துவிட்டால், அடுத்தது வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டியதுதான்.

"மேட்டர் சிம்பிள்மா," என்றார். "சம்சாரம் ஆக்ஸிலியா, மிஷன் ஸ்கூல்ல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. பிறவியிலருந்தே பார்வை கெடையாது. ரெண்டு நாளா ஆளைக் காணோம். கைத்தடியும் செருப்பும் பள்ளத்து விளிம்புல கெடந்துச்சு. பாடி இன்னும் கெடைக்கல. அவங்க எழுதுற பெட்டியில இது இருந்துச்சு."

பெட்டி மேஜைமேல் இருந்தது. புத்தக அளவு. மேலே ஆறு பொத்தான்கள், பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிகளுக்கு. கீழே ஒரே ஒரு வரிசை. அதில் குண்டூசித் தலை மாதிரிப் புள்ளிகள் எழும்பி எழும்பி அடங்கும். விரலால் தடவிப் படிக்க வேண்டியது. ஆக்ஸிலியா பாட்டு, கணக்கு, சமையல் குறிப்பு எல்லாமே அதில்தான் எழுதுவாராம்.

பெட்டியிலிருந்ததை அப்படியே தாளில் எடுத்து வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர். சண்முகசுந்தரி வாங்கிப் பார்த்தார்.

எனக்குப் பகலும் இரவும் ஒன்றே.
இந்த வீட்டில் முட்டி மோதி
அலுத்துவிட்டது. நான் போகிறேன்.
யாரும் என்னைத் தேட வேண்டாம்.
பள்ளத்தாக்கு எல்லாரையும்
ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளும்.

"கவிதை," என்றான் நல்லசாமி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை. சாகப் போறப்பக்கூட அலட்டுறாங்க."

"அவங்க எழுதல. அதான் கேஸே," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த ஊருல அந்தப் பெட்டியைப் படிக்கத் தெரிஞ்ச இன்னொரு ஆளு கித்தேரியம்மாள். வில்பட்டி. அவங்களும் பார்வையில்லாதவங்க, இவங்ககூடப் படிச்சவங்க. கூட்டிட்டு வந்து படிக்கச் சொன்னேன். விரலை வச்ச உடனே சொல்லிட்டாங்க, ஒவ்வொரு வரி தலைப்புலயும் ஒரு கல்லு இடிக்குது, இது பெட்டியில எழுதினது இல்ல, கம்ப்யூட்டர்லருந்து வந்ததுன்னு."

"கல்லா?" என்றான் நல்லசாமி.

சண்முகசுந்தரி கையை உயர்த்தி, காற்றில் எதையோ இடமிருந்து வலமாகத் தள்ளினார். "ஏலே, டைப் மெஷின்ல வரி முடிஞ்சா என்ன செய்வோம்?"

"நான் எட்டாவதோட நின்னவன்."

"ஒரு நெம்புகோலைத் தள்ளுவோம். அது ரெண்டு வேலை செய்யும். வண்டியை வரி ஆரம்பத்துக்கு இழுத்துட்டு வரும். தாளை ஒரு வரி மேலே ஏத்தும். கம்ப்யூட்டர் அந்தப் பழக்கத்தை இன்னும் விடல. என்டர் தட்டினா கண்ணுக்குத் தெரியாம ரெண்டு குறி போடும், வேலைக்கு ஒண்ணா. இந்தப் பெட்டிக்கு வண்டியும் கெடையாது, தாளும் கெடையாது. ஒரே குறியில வரியை முடிச்சுரும். கம்ப்யூட்டர்லருந்து ஒரு கோப்பு இதுக்குள்ள வந்தா முதல் குறியைப் பார்த்து வரியை முடிக்கும். ரெண்டாவது குறியை என்ன செய்றதுன்னு தெரியாம, அடுத்த வரி தலைப்புல ஒரு புள்ளிக்கட்டா நிறுத்தி வச்சிரும். விரலுக்கு அது கல்லு."

"விருந்து முடிஞ்சும் போகாத மச்சான் மாதிரி."

"அதேதான். முதல் வரியில மட்டும் இருக்காது. சரியா இன்ஸ்பெக்டர்?"

"கரெக்ட். இவர்தான் ஏழு ரோடு ஜங்ஷன்ல டைப்பிங், பிரிண்டிங் சென்டர் வச்சிருக்கார். வீட்டுலயும் கம்ப்யூட்டர். அடிச்சு பெட்டியில ஏத்தி வச்சிருக்கார். சாயங்காலம் கித்தேரியம்மா வந்து வாக்குமூலத்துல கையெழுத்துப் போடட்டும், இவரை உள்ள வைக்கிறேன். அதுவரைக்கும் உங்களுக்கு டைம்."

லூர்துசாமி அந்தத் தாளைப் பிடுங்கினார். முகம் சிவந்துவிட்டது. கொலைக் குற்றச்சாட்டுக்குச் சிவக்காத முகம்.

"இதைப் பாருங்க, நான் அடிப்பேனா இப்படி? வரிக்கு வரி ஒடிச்சு என்டர் தட்டிக் கெடக்கு. பத்தி முடியுமுன்ன எவனாவது என்டர் தட்டினா என் கடையில விரல்லயே ஸ்கேலால போடுவேன். ஒரு பையனுக்கு நகமே போச்சு. கம்ப்யூட்டர் தானா மடிச்சுக்கும்ல, எதுக்குத் தட்டணும்?"

"நகம் போன பையன் சாட்சி சொல்லுவானா?" என்று கேட்டான் நல்லசாமி.

சண்முகசுந்தரி சிரிக்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கி, வரிகளின் முடிவை மட்டும் மேலிருந்து கீழாகக் கண்ணால் தடவினார். குட்டை, நெட்டை. அப்புறம் எழுந்தார்.

"வா, வில்பட்டி போகணும். வெரசா."

வில்பட்டிப் பாதையில் முட்டைக்கோஸ் ஏற்றிய ஜீப் ஒன்று எதிரே வந்து, இருவரில் யார் பின்னால் போவது என்று வெகுநேரம் முறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் மனம் இரங்கிப் பின்னால் போனது ஜீப்தான். நல்லசாமி அதற்குக் கையசைத்துவிட்டுக் கேட்டான்:

"மாஸ்டரம்மா, அந்த ஆளு எழுதலன்னு நம்புறீங்களா?"

"நகத்தைப் பத்திப் பேசினப்ப பொய் சொல்ற குரல் இல்ல. பெருமைதான் இருந்துச்சு. அந்த வரியை அவர் ஒடிக்கல."

"அப்ப யாரு?"

"வரியை எதுக்கு ஒடிச்சாங்கன்னு தெரிஞ்சா யாருன்னு தெரியும். கவிதைக்காக இல்லலே. 'இந்த வீட்டில் முட்டி மோதி'ன்னு எந்தக் கவிஞன் வரியை முடிப்பான்? பாதி வழியில நிக்குது."

"நம்ம பஸ் மாதிரி," என்றான் நல்லசாமி.

கித்தேரியம்மாள் வீடு பூண்டுத் தோட்டத்துக்கு மேலே இருந்தது. ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டைக் குரல், கம்பளிச் சட்டை, தனி ஆள். கூடத்துக்குள் நுழைந்த நல்லசாமி காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். தேவையே இருக்கவில்லை. கட்டில், பெஞ்சு, அரிசி டிரம் எல்லாமே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு துரும்பு இல்லை.

கதவு மூலையில் இரண்டு வெள்ளைக் கைத்தடிகள் சாத்தியிருந்தன.

"தனி ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு கோலு?" என்றான் அவன். "ஒண்ணு ஞாயித்துக்கிழமைக்கா?"

கித்தேரியம்மாள் அரை நொடி தாமதித்தார். "ஒடைஞ்சா மாத்துக்கு வேணும்ல."

சண்முகசுந்தரி அந்த அரை நொடியைக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் மேஜைக்குப் போனார். மேஜைமேல் கறுப்பாக, கனமாக, இரும்பில் செய்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு மெஷின் உட்கார்ந்திருந்தது. தாளில் புள்ளி குத்துகிற பழைய மெஷின், ஆறு விசை.

"ஸ்கூல் மெஷினா?"

"ஆமாங்க. நாங்கல்லாம் இதுலதான் கத்துக்கிட்டோம். ஸ்கூல்ல புதுசு வந்ததும் தூக்கிப் போட இருந்தாங்க, நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"ஆக்ஸிலியாவும் இதுலதானா?"

"இதே மெஷின்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிப்போம்."

"ஒரு உதவி. நான் ஆறு வரி வாசிக்கிறேன். அடிச்சுக் குடுங்க. நான் எங்க நிறுத்துறனோ அங்க வரி முடியணும்."

"எதுக்குங்க?"

"மெஷின் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றார் சண்முகசுந்தரி. அதுவும் உண்மைதான்.

கித்தேரியம்மாள் மெதுவாகத் தாளைச் செருகினார். சண்முகசுந்தரி வாசித்தார்.

"எனக்குப் பகலும் இரவும் ஒன்றே."

விசைகள் டக்டக்கென்று இறங்கின. கடைசிச் சொல்லில், 'ஒ' குத்தும்போது, மெஷினுக்குள் ஒரு சின்ன மணி அடித்தது. டிங்.

"ஐஸ்காரன்," என்றான் நல்லசாமி.

"இந்த வீட்டில் முட்டி மோதி."

டக்டக்டக். 'மோதி'யின் நடுவில், டிங்.

"அலுத்துவிட்டது. நான் போகிறேன்."

'போகிறேன்' என்பதற்குள், டிங்.

நல்லசாமி சண்முகசுந்தரி கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். கண்ணுக்கு ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை. காதுக்கு எல்லாம் ஒரே அளவு.

"யாரும் என்னைத் தேட வேண்டாம்."

விரல்கள் இப்போது தயங்கித் தயங்கி இறங்கின. ஆனால் இரும்புக்குத் தயக்கம் தெரியாது. 'வேண்டாம்' நடுவில், டிங்.

"பள்ளத்தாக்கு எல்லாரையும்."

கித்தேரியம்மாள் கையை எடுத்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கை வலிக்குது."

"மீதியை நான் சொல்றேன். இந்த வரியிலயும் கடைசி சொல்லுல மணி அடிக்கும். அடுத்ததுலயும்." சண்முகசுந்தரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் மணிக்கு வளர்ந்தவதான். எங்க மெஷின்லயும் உண்டு. வரி முடியப் போகுதுன்னு மணி சொல்லும். அடிக்கிற சொல்லை முடிச்சிட்டு வரியைத் தள்ளணும். நாலு மாசம் பழகினா போதும், அப்புறம் மணி மெஷின்ல இருக்காது, கையில இருக்கும். உங்க புள்ளியில 'ப'வுக்கு ஒரு கட்டம். 'ன்'னுக்கு ரெண்டு, 'மோ'வுக்கு ரெண்டு. அதனால கண்ணுக்குக் குட்டையாத் தெரியற வரி விரலுக்கு முழு வரி. கண்ணுள்ளவன் கம்ப்யூட்டர்ல அடிச்சிருந்தா வரியை ஒடிக்கவே மாட்டான். ஒடிச்சாலும் இந்த அளவுக்கு ஒடிக்கத் தெரியாது. இது இந்த மெஷின்ல கத்துக்கிட்ட கை."

வெளியே பூண்டுத் தோட்டத்தில் யாரோ யாரையோ மாட்டுக்குப் பதிலாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லு?" என்றான் நல்லசாமி. "அப்ப கல்லு எப்படி வந்துச்சு?"

"அந்தப் பெட்டியில ஒரு கோப்பைச் சேமிக்கறப்ப, கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி ரெண்டு குறி போடவான்னு கேக்கும். ஆமான்னா போடும். அப்படித்தானே கித்தேரியம்மா? பெட்டியைத் தடவினப்ப கல்லு தெரிஞ்ச விரலுக்கு, வரி அளவு தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு," என்றார் கித்தேரியம்மாள். கட்டைக் குரலில் இப்போது தயக்கமில்லை. "இன்ஸ்பெக்டர் வரி தலைப்பைத்தான் கேட்டார். வரி கடைசியைக் கேக்கல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"நல்ல பதில். உள்ள இருக்கறவங்க டீ குடிச்சாச்சா?"

உள்ளறைக் கதவு திறந்தது.

ஆக்ஸிலியா வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கதர்ச் சேலை. கையை நீட்டாமல், சுவரைத் தொடாமல், நேராக, வேகமாகக் கூடத்தின் குறுக்கே நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணுள்ள நல்லசாமி அந்த வேகத்தில் நடந்ததில்லை. அருகில் வந்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தான். புருவத்தில் ஒரு தழும்பு, தாடையில் ஒன்று, முன்பல்லில் ஒன்று பாதி.

"முதல் பஸ்ல வந்தேன்," என்றார், யாரும் கேட்காமலே. "காலி சாக்கு ஏத்திட்டு வர்ற பஸ். மூட்டையோட மூட்டையா உக்காந்துட்டேன். கண்டக்டர்கூட என்னை மூட்டைன்னு நினைச்சு மேல இன்னொண்ணு வச்சிட்டுப் போனார்."

சிரிப்பு வரவேண்டிய இடம். நல்லசாமிக்கு வரவில்லை.

"முக்காலி," என்றார் சண்முகசுந்தரி.

ஆக்ஸிலியா தலையைத் திருப்பினார். "பார்த்தீங்களா?"

"இவன் விழுந்தான்."

"அடி பட்டுச்சா தம்பி?"

"இல்லைங்க," என்று பொய் சொன்னான் நல்லசாமி.

"தினமும் வெள்ளனே எழுந்து காபி போட்டுக்கிட்டு நடையில வந்து உக்காருவார். உக்காரறதுக்கு முந்தி முக்காலியை எங்கயாவது வைப்பார். நேத்து வச்ச இடத்துல இன்னைக்கு வைக்க மாட்டார். மொதல்ல இழுக்கற சத்தம் கேக்கும், அதை வச்சுத் தப்பிச்சுக்குவேன். அப்புறம் காலுக்குத் துணி சுத்திட்டார். விழுந்தா ஒரு சின்ன சிரிப்பு. அப்புறம் கை குடுத்துத் தூக்குவார். ரொம்ப நல்லவர்னு அக்கம்பக்கத்துல பேரு, கண்ணு தெரியாத பொண்ணைக் கட்டி வச்சுக் காப்பாத்துறார்னு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். கண்ணு தெரியாதவங்க விழறது சகஜம்னாங்க." அவர் சேலை நுனியைச் சரிசெய்தார். "என் பெட்டியில எழுதினதை அவர் கடையில பிரிண்ட் எடுக்கக் குடுப்பேன். ஒத்தைக் குறி அவர் பழைய கம்ப்யூட்டருக்குப் புரியாது. எல்லாம் ஒரே வரியா வால் மாதிரி வருதுன்னு கடைப் பசங்க முன்னாடி வச்சுக் கத்துவார். அப்பத்தான் ரெண்டு குறி போடக் கத்துக்கிட்டேன். நமக்குக் கல்லு, அவருக்கு வரி. அதை வச்சு ஒரு தடவையாவது அவர் தடுக்கி விழட்டும்னு தோணுச்சு."

"அவர் எத்தனை நாள் உள்ள கெடக்கணும்?" என்று கேட்டார் சண்முகசுந்தரி.

"நான் எத்தனை தடவை விழுந்தேன்னு அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அவரையே கேளுங்க."

நல்லசாமிக்கு அந்தக் குரலில் குளிர் எடுத்தது. கொடைக்கானல்காரனுக்குக் குளிர் எடுப்பது லேசில் நடக்கிற காரியமில்லை.

"அவர் என் கட்சிக்காரர்," என்றார் சண்முகசுந்தரி. "அவர் எழுதலன்னு நிரூபிக்கச் சொல்லி என்னை வச்சிருக்கார். கண்டுபிடிச்சுட்டேன். சொல்லாம இருந்து எனக்குப் பழக்கமில்ல." பிறகு திரும்பினார். "ஏலே, போய் வண்டியை எடு. நான் வர்றேன்."

அவன் போனான். கதவுக்கு வெளியே நின்று கேட்கலாமா என்று யோசித்தான். அந்த அம்மாளின் காது, தான் ஒட்டுக்கேட்பதையும் கேட்கும் என்பதால் காரில் போய் உட்கார்ந்தான்.

ஸ்டேஷனில் லூர்துசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சண்முகசுந்தரியைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். கூடவே வந்த கித்தேரியம்மாள் இன்ஸ்பெக்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சீங்களா மாஸ்டரம்மா?"

"கண்டுபிடிச்சேன். ஒரே ஒரு சந்தேகம். அதுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிருங்க, நான் இன்ஸ்பெக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன். முக்காலிக் காலுக்குத் துணி எதுக்கு?"

நல்லசாமி லூர்துசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு கணம் ஏதோ வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது.

"அதுவா? தரை கீறாம இருக்கத்தான்."

"உங்க வீட்டுத் தரை சொரசொரன்னு சிமெண்டுத் தரை."

"சிமெண்டும் கீறும்ல."

"கட்டில் காலுக்குத் துணி இல்ல. மேஜைக்கு இல்ல. நாற்காலிக்கு இல்ல."

லூர்துசாமி சிரித்தார். நல்லசாமி தரையில் கிடந்தபோது கேட்ட அதே சின்னச் சிரிப்பு. "இதுக்கும் கேஸுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல," என்றார் சண்முகசுந்தரி.

இன்ஸ்பெக்டர் மேஜையில் பேனாவைத் தட்டினார். "என்னம்மா, டைம் முடிஞ்சுச்சு. வரி தலைப்புல கல்லு இருக்கா இல்லையா?"

"இருக்கு. முதல் வரி தவிர எல்லாத்துலயும்."

"பெட்டி தானா அதைப் போடுமா?"

"தானா போடாது."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்," என்றார் ஜெயமுருகன். அவருடைய ஒரே நாற்காலியில் அந்த யோசனை சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

மூலையில் கித்தேரியம்மாள் கைத்தடியை ஒரு தடவை தரையில் தட்டினார்.

லூர்துசாமியின் வாய் திறந்தபடி நின்றது. சண்முகசுந்தரி அவர் அருகில் போய், அவருக்கும் நல்லசாமிக்கும் மட்டும் கேட்கிற அளவுக்குக் குனிந்து பேசினார்.

"நீங்க என்னை வச்சது உண்மையைக் கண்டுபிடிச்சு உங்ககிட்டச் சொல்ல. சொல்லிர்றேன். அதை எழுதினது உங்க சம்சாரம். உசுரோட, சௌக்கியமா இருக்காங்க. நடுவுல ஒண்ணும் கெடக்காத வீட்டுல, நல்லா நடக்கறாங்க."

லூர்துசாமி துள்ளித் திரும்பினார். "சார். அவ சாகல சார். உசுரோட இருக்கா. இந்த அம்மாவுக்குத் தெரியும், இப்பத்தான் சொன்னாங்க."

ஜெயமுருகன் தலையைத் தூக்கவே இல்லை. "எல்லாரும் அதான்யா சொல்லுவான். போன வருஷம் ஒருத்தன் அவன் சம்சாரம் துபாய்ல இருக்கான்னான். தோண்டி எடுத்தோம், கொல்லையில இருந்துச்சு. நடய்யா."

"மாஸ்டரம்மா, சொல்லுங்க."

சண்முகசுந்தரி சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தில் பழனி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் லூர்துசாமியின் கையைப் பிடித்தார். லாக்கப்புக்குப் போகிற நடை இருட்டு. பல்பு போய் வெகுநாள். அந்த நடையின் வாயில் ஒரு சின்ன ஸ்டூல் இருந்தது. சற்று முன்பு அது சுவரோரம் இருந்தது. நல்லசாமி அதை எப்போது நகர்த்தினான் என்று யாரும் பார்க்கவில்லை. சத்தமும் கேட்கவில்லை, ஸ்டூல் காலில் தன் மப்ளரைச் சுற்றியிருந்தான்.

லூர்துசாமி முகம் குப்புற விழுந்தார்.

நல்லசாமி முதலில் சிரித்தான். அப்புறம்தான் கை கொடுத்தான்.

"பார்த்துப் போகணும் சார்," என்றான்.

கித்தேரியம்மாளை வில்பட்டிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கார் ஏரியைச் சுற்றி வரும்போது மூடுபனி கண்ணாடியில் படுத்துக்கொண்டது. மப்ளர் இல்லாமல் நல்லசாமியின் கழுத்து விறைத்தது. வெகுதூரம் பேசாமல் ஓட்டினான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

"மாஸ்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? அந்த ஆளு மோசம்தான். ஆனா கொலை பண்ணல. கடைசி வரைக்கும் உள்ளயே கெடப்பானா?"

"அதைத்தான் உன்னை வெளிய அனுப்பிட்டுப் பேசினேன். ஆக்ஸிலியாவை வெளிய வர நாள் குறிக்கச் சொன்னேன். இல்லன்னா நானே போய் இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிருவேன்னேன்."

"குறிச்சாங்களா?"

"தவக்காலம் முடியட்டும்னாங்க. அவரும் முழுசா அனுசரிக்கட்டும், ஜெயில்ல கறி மீன் தொந்தரவும் இருக்காதுன்னாங்க. உயிர்த்த ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்கு வருவாங்களாம். ஊரே நிக்கும். நடுப்பாதையில நேரா நடந்து, முன் வரிசையில போய் உக்காரப் போறாங்களாம்."

நல்லசாமி அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்து செத்தவர் எழுந்து வருவதைக் கண்டு பாதிரியார் பிரசங்கத்தை எந்த இடத்தில் விடுவார் என்று யோசித்தான். கார் கொஞ்சம் வளைந்து போனது.

"பாதையைப் பாருலே," என்றார் சண்முகசுந்தரி. அப்புறம், கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "கதவு மூலையில இருந்த அந்த ரெண்டாவது கோலு இருக்கே, அது ஞாயித்துக்கிழமைக்குன்னு நீ சொன்னது சரிதான்."